நம் வீட்டில் யாருக்கும் இல்லை

பாயகும்பு, மேற்கு சுமத்ரா
14 ஏப்ரல் 2002

தம்பி டெஸ்ரிசாலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் என் மகள் யுல்ஃபாவும் நலம். நீயும் உன் மனைவியும் மகன் பாடிலும் நலமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

போனில் நான் வாயைத் திறந்ததுமே “அக்கா, கடையில கூட்டமா இருக்கு” என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். காகிதம் குறுக்கே பேசாது.

நம் சின்னவன் ஹெந்திரியின் நாற்பதாம் நாள் துஆ வியாழக்கிழமையோடு முடிந்தது. அவனுக்கு இருந்தது ஒரே அண்ணன். அந்த அண்ணன் அடக்கத்துக்கு வரவில்லை. ஏழாம் நாளுக்கு வரவில்லை. நாற்பதாம் நாளுக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழம் அனுப்பினான். ஜகார்த்தாவிலிருந்து இங்கே வர பேரீச்சம்பழத்துக்குத் தெரிந்த வழி உனக்குத் தெரியாமல் போய்விட்டதா? கேட்கிறவர்களிடமெல்லாம் “அவனுக்கு உடம்பு சரியில்ல” என்று பொய் சொல்லி என் வாய் வலிக்கிறது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

முப்பத்தாறு வயது அவனுக்கு. சிகரெட்டைத் தொட்டதில்லை. பட்டறையில் மோட்டார் சைக்கிள் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தவன் ஸ்பானரைக் கீழே வைக்காமலே சாய்ந்தான். ஜனவரியில் நெஞ்சு எரிகிறது என்று சொன்னபோது நான்தான் டவுன் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். வாயு என்று வெள்ளை மருந்து கொடுத்தார்கள். அந்தப் புட்டியில் பாதி இன்னும் அலமாரியில் இருக்கிறது. அவன் மனைவி அஸ்மார்னி அதை எறிய மாட்டேன் என்கிறாள். ஒன்பது வயது மகள் வெலியா அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள்.

யுல்ஃபாவுக்கும் உன் பாடிலுக்கும் நோன்புப் பெருநாள் முடிந்ததும் கல்யாணம் என்று போன வருடம் பேசினோம். மாமன்மார் நாள் கேட்கிறார்கள். தம்பி சாவுக்கு வராதவன் மகன் கல்யாணத்துக்காவது வருவானா என்றும் கேட்கிறார்கள். நீ சொல்.

உன் அக்கா,
அர்னெலிஸ்


ஜகார்த்தா
20 மே 2002

அன்புள்ள நெலிஸ் அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ்வின் அருளால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் யுல்ஃபாவின் சுகத்துக்கும் துஆ செய்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது. புதுத் துணி வந்து இறங்கிய மாதம், மன்னிக்க வேண்டும்.

ஹெந்திரியை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அல்லாஹ் அவனுக்கு நல்லிடம் தரட்டும்.

கல்யாணத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் யோசிக்க வேண்டாம். யுல்ஃபாவின் சிவப்பு வெல்வெட் உடைக்கு நானே துணி எடுத்து வைத்துவிட்டேன், ஜரிகை இரண்டு கை அகலம். தங்கக் கிரீடம் வாடகைக்கு வேண்டாம், நல்லதாக ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன். பந்தல் நம் வீட்டு வாசலில் தொடங்கி மசூதி வளைவு வரை போகட்டும். எருமை ஒன்று போதாது, இரண்டு அறுப்போம். தாளக்காரர்களைப் போன தடவை மாதிரி அரைகுறையாகக் கூப்பிடாதீர்கள். அத்தை மகளைக் கட்டுகிறவன் அலைந்து திரிந்து வீடு சேர்ந்தவன் என்று நம் ஊரில் சொல்வார்கள் அல்லவா? பாடில் வீடு சேரட்டும். வெளியே பெண் தேடி நாலு வீட்டுப் படியேறி நம் குலம் கோத்திரத்தை நாலு பேர் கிண்டிப் பார்க்கும் தொல்லை நமக்கு வேண்டாம். பெருநாள் முடிந்த இரண்டாம் வாரமே வைத்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

யுல்ஃபாவைத் தேங்காய்ப்பால், இறைச்சி, ஈரல் எல்லாம் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கல்யாணப் பெண் மெலிந்திருந்தால் கிரீடம் எடுப்பாக இருக்கும்.

அன்புடன்,
டெஸ்ரிசால்


பாயகும்பு
3 ஜூன் 2002

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். உன் நெஞ்சு கனப்பு இறங்கியதா?

உன் கடிதத்தை யுல்ஃபா சத்தமாக வாசித்தாள். ஹெந்திரிக்கு இரண்டு வரி. பந்தலுக்கும் எருமைக்கும் ஒரு பக்கம். செத்தவனைவிட எருமை உனக்கு நெருங்கிய சொந்தம் போலிருக்கிறது.

தேங்காய்ப்பாலைக் குறைக்க வேண்டுமாம்! உன் அக்கா இருபது வருடமாகச் சந்தையில் சோற்றுக்கடை வைத்திருக்கிறாள். குடலில் முட்டையை அடைத்துத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவைத்து விற்றுத்தான் உன்னை ஜகார்த்தாவுக்குக் கப்பலேற்றினேன். இப்போது நீ எனக்குக் கீரைப் பாடம் நடத்துகிறாய். யுல்ஃபா கேட்டுவிட்டு, “மாமா எப்பம்மா முயல் ஆனாரு?” என்றாள். அவள் மெலிந்துதான் இருக்கிறாள். நீ அடக்கத்துக்கு வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பள்ளிக்கூட வேலைக்கு அவள் பெயர் வந்துவிட்டது. அடுத்த மாதம் படாங் போய் மருத்துவச் சோதனை முடித்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது முடிந்ததும் நாள் குறிக்கிறேன்.

அக்கா


ஜகார்த்தா
9 ஜூன் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். இங்கே சுகம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் கடிதம் இன்று காலைதான் வந்தது. யுல்ஃபா படாங் போக வேண்டாம். அங்கே ரத்தம் எடுத்து நாள் முழுக்கக் காக்கவைப்பார்கள். எனக்குத் தெரிந்த டாக்டர் இங்கே இருக்கிறார். பெயரும் பிறந்த தேதியும் அனுப்புங்கள், சான்றிதழை நான் வாங்கித் தபாலில் அனுப்பிவிடுகிறேன். சோதனை எல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்தான்.

உடனே பதில் எழுதுங்கள்.

டெஸ்ரிசால்


பாயகும்பு
21 ஜூலை 2002

தம்பி டெஸ்ரிசாலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம் என்று எழுதப் போய்ப் பேனா நின்றுவிட்டது.

ஒரு மாதமாக வாயே திறக்காதவன், சோதனை என்றதும் அன்றைக்கே பதில் போட்டாய். வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் பொய்ச் சான்றிதழா என்று எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் படாங் போனோம்.

யுல்ஃபாவின் ரத்தத்தில் கொழுப்பு முந்நூற்று ஐம்பத்திரண்டு. இருநூறுக்குள் இருக்க வேண்டுமாம். ஆய்வகத்தில் ஏதோ தப்பு என்று மறுபடி எடுத்தார்கள். முந்நூற்று நாற்பத்தெட்டு. இருபத்திரண்டு வயதுப் பெண், மூங்கில் குச்சி மாதிரி இருக்கிறாள்!

டாக்டர் தம்புனான் என்று ஒரு பாத்தாக் இனத்து அம்மாள். யுல்ஃபாவைக் குப்புறப் படுக்கச் சொல்லி குதிகாலுக்கு மேலே நரம்பைக் கிள்ளிப் பார்த்தாள். “இது எப்பவும் இப்படித் தடியாவா இருக்கும்?” என்றாள். நான் பெருமையாகச் சொன்னேன்: “அவ தாத்தாவுக்கும் அப்படித்தாங்க. சிலாட் சண்டை வாத்தியார். ஒரே உதைல வாழை மரம் சாயும். என் தம்பிங்க ரெண்டு பேருக்கும் அதே கால்தான்.”

அவள் பேனாவை எடுத்தாள். “குடும்பத்துல யாருக்காவது இதய நோய் உண்டா? சின்ன வயசுல திடீர்னு யாராச்சும் போயிருக்காங்களா?”

“எங்க வீட்ல யாருக்கும் இல்ல. எங்கம்மா எழுபதத் தாண்டித்தான் போனாங்க. பாட்டி தொண்ணூறு. அம்மாவோட அண்ணனுங்க இன்னும் உழுறாங்க.”

“உங்க அப்பா?”

“அவரு எங்க வீடு இல்லீங்களே. அவரு வேற குலம்.”

“சரி. அந்த வேற குலத்துக்காரர் எப்ப செத்தாரு?”

நாற்பத்து மூன்று வயதில் என்றேன். காபிக் கடையில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே விழுந்தார் என்றேன். அவர் தம்பி முப்பத்தெட்டில் என்றேன். பிறகு ஹெந்திரி என்றேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அம்மா, நீங்க தாய எண்ணுவீங்க. எங்க ஆளுங்க தகப்பன எண்ணுவாங்க. ரத்தம் ரெண்டு பேரையும் எண்ணும்” என்றாள்.

வீடு பெண்ணுடையது, நிலம் பெண்ணுடையது, பிள்ளைகள் தாயின் குலம். அப்பன் என்பவன் எரிந்த கட்டைமேல் சாம்பல், ஊதினால் போச்சு. சின்ன வயதிலிருந்து இதைத்தானே கேட்டோம்? அந்தச் சாம்பல் நம் ரத்தத்தில் இருந்திருக்கிறது. மரபணுவில் ஒரு கோளாறு, பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் போகும் என்றாள். எனக்கும் எடுத்துப் பார்த்தார்கள். முந்நூற்றுப் பத்து. பெண்களைக் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்குமாம். என் மகளுக்குக் கொடுத்தது நான்தான்.

கவனமாக வாசி. இந்தக் கோளாறு உள்ள ஆணும் பெண்ணும் கட்டிக்கொண்டால், ஏதாவது ஒரு பிள்ளைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து வரலாம். அந்தப் பிள்ளை பத்துப் பன்னிரண்டு வயதிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும். நீ உடனே போய்ப் பார். பாடிலையும் கூட்டிப் போ. முடிவு தெரியும்வரை நாள் குறிக்க மாட்டேன். மாத்திரை இருக்கிறது, பயப்படாதே. இந்த ஒரு தடவை மட்டும் உடனே பதில் எழுது.

அக்கா


பாயகும்பு
30 ஆகஸ்ட் 2002

டெஸ்ரிசால்,

ஸலாம். நாற்பது நாள் ஆகிவிட்டது. சான்றிதழுக்கு அன்றைக்கே ஓடி வந்த பேனாவுக்கு இப்போது கால் முறிந்துவிட்டதா?

நேற்று உன் வீட்டுக்குப் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை, உன் மனைவி எடுத்தாள். ரத்தம் பார்த்தானா என்று கேட்டேன். அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. என் கடிதத்தை நீ அவளுக்குக் காட்டவே இல்லை.

“அவரு உடம்பு நல்லாத்தான் இருக்கு அண்ணி. ஆறு வருஷமா ஒரு நாள் தவறாம வைட்டமின் சாப்பிடறாரே.”

“என்ன வைட்டமின்?”

“பெரிய புட்டில இருக்கு. யாரையும் தொட விடமாட்டாரு.”

போய் எடுத்து வா என்றேன். புட்டிக்குள் பிரிக்காத மாத்திரை அட்டை ஒன்றை மடித்துச் செருகியிருந்தாயாம். அதிலிருந்த பெயரை அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். யுல்ஃபாவின் சீட்டை நான் கையில் வைத்திருந்தேன். அதே பெயர், ஓர் எழுத்துப் பிசகவில்லை.

ஆறு வருடம்.

இதற்கு மேல் எழுதினால் வாய் கெட்டுவிடும். நீ எழுது.

அர்னெலிஸ்


ஜகார்த்தா
12 செப்டம்பர் 2002

அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் உடம்பையும் யுல்ஃபா உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

1996இல் கடையில் துணிக்கட்டைத் தூக்கும்போது விழுந்தேன். ஊருக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நெஞ்சுக் குழாயில் கம்பிச் சுருள் வைத்திருக்கிறார்கள். நீங்கள் சொன்னதையெல்லாம் அந்த டாக்டர் அன்றைக்கே சொன்னார். கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

பாடிலுக்கு அப்போது பதினெட்டு. வேலைக்குச் சோதனை என்று சொல்லி ரத்தம் எடுத்தேன். அவனுக்கும் இருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை. மாத்திரை கொடுத்தால் எதற்கு என்று கேட்பான். கேட்டால் ஊர் முழுக்கத் தெரியும். நெஞ்சு நோயாளி வீட்டுப் பையனுக்கு யார் பெண் தருவார்கள்? கல்யாணம் முடியட்டும், பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நம் வீட்டிலேயே பெண் எடுத்தால் எந்த வெளியாளும் கிண்ட மாட்டான் என்று நினைத்தேன்.

கல்யாணத்தை நிறுத்தாதீர்கள், அக்கா. நான் டாக்டரிடம் கேட்டுவிட்டேன். நான்கு பிள்ளை பிறந்தால் ஒன்றுக்குத்தான் அந்தப் பெரிய ஆபத்து. மூன்று பங்கு நல்லதுதானே? கடவுள் மேல் பாரத்தைப் போடுவோம்.

உங்கள் தம்பி,
டெஸ்ரிசால்


பாயகும்பு
19 செப்டம்பர் 2002

மூன்று பங்கு நல்லதா?

உனக்கு ஸலாம் சொல்லக்கூட மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட்டால் பாவம் எனக்கு. அஸ்ஸலாமு அலைக்கும்.

துணி வியாபாரி கணக்கைப் பார். நாலில் ஒன்று சின்ன வயதிலேயே சாகும். இரண்டு உன்னையும் என்னையும் மாதிரி மாத்திரையில் ஓடும். ஒன்றே ஒன்று தப்பும். இதில் எது மூன்று பங்கு நல்லது? சாயம் போன துணியை மடிப்பு மாற்றி விற்கிற மாதிரி என் பேரப்பிள்ளையை என் தலையிலேயே கட்டப் பார்த்தாயே!

கல்யாணம் இல்லை. முடிந்தது.

யுல்ஃபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. “கல்யாணம் நின்னா நிக்கட்டும்மா. பாடில் மாத்திரை சாப்பிடறானா, அத மட்டும் கேளுங்க” என்றாள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குத் தோன்றியது, பெற்ற அப்பன் உனக்கு ஆறு வருடமாகத் தோன்றவில்லை. உனக்கு மட்டும் மாத்திரை, மகனுக்கு மாப்பிள்ளைச் சட்டை.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் மூன்று நாளாக உட்காருகிறேன், எழுந்து போகிறேன். கூடப் பிறந்தவர்களுக்குச் சொல் என்று டாக்டர் 1996இல் சொன்னார். அன்றைக்கு ஹெந்திரிக்கு முப்பது வயது. ஆறு பெருநாளைக்கு நீ வந்தாய். அவனோடு ஒரே தட்டில் ரெண்டாங் இறைச்சி சாப்பிட்டாய். இல்லை, நீ சாப்பிடவில்லை. இப்போதுதான் நினைவு வருகிறது. “பல்லு வலி” என்று உன் பங்கை அவன் தட்டுக்குத் தள்ளினாய். அவனும் சிரித்துக்கொண்டே தின்றான்.

அக்டோபர் பத்தாம் தேதிக்குள் பாடிலிடம் உன் வாயால் சொல். இல்லாவிட்டால் நான் எழுதுவேன்.

அர்னெலிஸ்


ஜகார்த்தா
4 அக்டோபர் 2002

அக்காவுக்கு,

ஸலாம். என் சுகத்தை விசாரிக்க வேண்டாம்.

திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஹெந்திரியின் சாவை முழுசாக என் தலையில் இறக்கிவைத்துவிட்டு நீங்கள் கையைக் கழுவிக்கொள்ள விடமாட்டேன். எனக்கும் கோபம் வரும். நானும் அதே தாயின் பிள்ளைதான்.

ஜனவரியில் அந்தக் கிளினிக்கிலிருந்து திரும்பிய சாயங்காலம் ஹெந்திரி எனக்குப் போன் செய்தான். ஒரே சிரிப்பு. “அண்ணே, வெறும் வாயுதானாம். குடும்பத்துல யாருக்காச்சும் நெஞ்சு வியாதி உண்டா, சின்ன வயசுல யாராச்சும் செத்தாங்களான்னு டாக்டர் கேட்டாரு. அக்கா என்னைப் பேசவே விடல. ‘எங்க வீட்ல எல்லாரும் எழுபது எம்பதத் தாண்டினவங்க, நீங்க மருந்த எழுதுங்க’ன்னு ஒரே போடு. டாக்டரு ஃபைல மூடிட்டாரு.”

படாங்கில் நீங்கள் அந்த அம்மாளிடம் சொன்ன பதில் இருக்கிறதே, அதை ஆறு மாதம் முன்னால் ஹெந்திரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்கெனவே ஒரு தடவை சொன்னவர் நீங்கள். எத்தனை கடிதம் எழுதினீர்கள்! ஒன்றிலாவது அதை எழுதினீர்களா? அப்பா விழுந்தபோது உங்களுக்குப் பதினேழு வயது. காபிக் கடைக்கு ஓடிப் போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டவர் நீங்கள். எப்படி மறந்தது?

இந்த இடத்தில் நிறுத்தினால் நான் ஜெயித்தவன். ஆனால் நிறுத்த முடியவில்லை.

அவன் போன் செய்தபோது என் மாத்திரை என் உள்ளங்கையில் இருந்தது. நீங்கள் சொன்னது தப்பு என்று உலகத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். “நாளைக்கே திரும்பிப் போடா, அப்பா பேரைச் சொல்லு” என்று ஒரு வார்த்தை போதும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். ஹெந்திரி ஓட்டை வாய். மறுநாள் சந்தைக்கே தெரிந்துவிடும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அப்போ சரிடா, மிளகாயக் கொறச்சுக்க” என்றேன். மாத்திரையை விழுங்கினேன்.

அடக்கத்தன்று விமான நிலையம் வரை வந்தேன். டிக்கெட் கையில் இருந்தது. அவன் முகத்தைப் பார்க்க முடியாது என்று திரும்பிவிட்டேன்.

பாடிலிடம் சொல்ல என்னால் ஆகவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்தேன், வேறெதோ பேசினேன்.

டெஸ்ரிசால்


ஜகார்த்தா
28 அக்டோபர் 2002

மதிப்புக்குரிய நெலிஸ் அத்தைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தையும் யுல்ஃபாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். நான் பாடில். அம்மா நலம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஆட்கள் இருந்தார்கள், எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். அப்பா கடிதத்தைப் பார்த்ததுமே கல்லாவை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

“எத்தன வருஷமாத் தெரியும்?” என்று கேட்டேன்.

“ஆறு.”

“எனக்கு எவ்வளவு?”

“முந்நூத்தித் தொண்ணூறு.”

“ஆறு வருஷமா நீங்க வெறும் கீரையும் மீனும் தின்னுட்டு, எனக்கு மட்டும் மூளைக் குழம்பு வாங்கிட்டு வந்தீங்களேப்பா. ஏம்ப்பா?”

“நிறுத்தினா நீ சந்தேகப்படுவேன்னு...”

கடையை விட்டு இறங்கினேன். இதயச் சோதனைக்குப் போனேன். ஒரு குழாயில் அடைப்பு ஆரம்பித்திருக்கிறது. எனக்கு இருபத்து நான்கு வயது, அத்தை. மாத்திரை தொடங்கிவிட்டேன். தினமும் காலையில் அப்பா முன்னால் நின்றுதான் விழுங்குகிறேன். அவர் தலையைக் குனிந்துகொள்கிறார்.

யுல்ஃபாவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். எனக்கு எதுவுமே தெரியாது. தெரிந்திருந்தால் முதலில் அவளிடம்தான் சொல்லியிருப்பேன். கல்யாணத்தை நிறுத்தியது சரிதான். சரி என்பதால் வலிக்காமல் இல்லை.

பணிவுடன்,
பாடில்


பாயகும்பு
17 நவம்பர் 2002

தம்பி டெஸ்ரிசாலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடியாகப் போகிறது. நோன்பு நாளில் மாத்திரையை எப்போது போடுவது என்று கேட்டு வைத்துக்கொள். விட்டுவிடாதே.

ஆமாம், நான்தான் சொன்னேன். ஜனவரியில் அந்தக் கிளினிக்கில், ஹெந்திரியைப் பேசவிடாமல் நான்தான் சொன்னேன். மறக்கவில்லை, டெஸ்ரிசால். அப்பாவின் தலையை மடியில் வைத்திருந்தவளுக்கு எப்படி மறக்கும்? கேள்வி காதில் விழுந்தது, அப்பா நினைவுக்கே வரவில்லை. ‘நம் வீடு’ என்றால் அம்மா வீடு. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. படாங்கில் அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது, யார் வாய் அவனைக் கொன்றது என்று. அதன் பிறகு உனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் உன்னைத் திட்டிய சத்தத்தில் அதை எனக்கே கேட்காமல் பார்த்துக்கொண்டேன். நான் தெரியாமல் சொன்னேன். நீ தெரிந்தும் சொல்லவில்லை. எது பெரிது என்று அவனிடம் போய்த்தான் கேட்க வேண்டும்.

நோன்பின் முதல் வெள்ளிக்கிழமை நம் பெரிய வீட்டில் எல்லோரையும் கூட்டினேன். கல்யாணம் ஏன் நின்றது என்று கேட்டார்கள். சண்டை என்று சொல்லியிருக்கலாம், எல்லோரும் நம்பியிருப்பார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன், என் பெயரையும் சொன்னேன். பெரிய மாமா எழுந்து, “அது உங்கப்பன் வீட்டு வியாதி. நம்ம குலத்துல எதுக்கு அத எறக்குற?” என்று கத்தினார். “மாமா, அப்பன் வீடு வேறன்னு சொல்லிச் சொல்லித்தான் ஒருத்தனக் குழியில எறக்கியாச்சு. இன்னும் எத்தன பேர எறக்கணும்?” என்று நானும் கத்தினேன். நோன்பு நேரத்தில் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. கத்தினேன்.

மறுநாள் அப்பாவின் குலத்து வீட்டுக்குப் போனேன். முப்பது வருடமாகப் பெருநாளைக்கு எட்டிப் பார்த்ததோடு சரி. அங்கே பதினோரு பேர் ரத்தம் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு அஸ்மார்னி வீட்டுக்குப் போனேன். வெலியாவின் ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். அஸ்மார்னியின் அம்மா வாசலிலேயே மறித்தாள். “இவ எங்க குலத்துப் பொண்ணு. உங்க வீட்டு வியாதிக்கும் இவளுக்கும் என்ன?” என்றாள். என் வாயிலிருந்து வந்த பதில், வேறொருத்தி வாயிலிருந்து என் முகத்தில் விழுந்தது. நான் அந்தக் கிழவியைத் திட்டவில்லை. படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் அஸ்மார்னி குழந்தையை அழைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

முந்நூற்று இருபத்தாறு. அவளுக்கும் இருக்கிறது. பத்து வயது முடிந்ததும் மாத்திரை தொடங்கலாம், ஒழுங்காகச் சாப்பிட்டால் அவள் கிழவியாகலாம் என்று டாக்டர் தம்புனான் சொன்னாள்.

படாங்கிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் வெலியா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தேன், பெரியப்பாவுக்கும் இதே வியாதிதான், ஆறு வருடமாக மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருக்கிறார், நீ பயப்படாதே என்று. அவள் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்:

“அப்போ பெரியப்பா ஏன் எங்கப்பாவுக்கு அந்த மாத்திரையக் குடுக்கல?”

இந்தத் தடவை உனக்காக நான் பதில் சொல்லப் போவதில்லை. பெருநாளைக்கு வா. அவளிடம் நீயே சொல்.

உன் அக்கா,
அர்னெலிஸ்